சுண்டு மணலுக்குள் போன விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் மனைவி, அவள் வயிற்றில் இருக்கும் ஏழு மாதம், மூவரும் நலம். கப்பலில் நீங்களும் உங்கள் இயந்திரங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்காவதாக ஒரு ஜீவனை என் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் மனைவி பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். நான் ஒரு வரி சொன்னால் அவள் நாலு வரி திருத்துகிறாள். அதனால் வெள்ளிக்கிழமை உங்கள் கப்பலில் சேரப்போகும் எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். என் நடையை நம்பி அளவுச் சங்கிலியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வந்த அதிகாரிகள் உண்டு. அப்படிப்பட்டவன் கையில் உள்ளங்கை அகல விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, உள்ளே ஒரு பாலைவனம், அதில் ஒரு பாம்பு, அதன் பெயர் சுண்டு, வாலில் பதினொரு வளையம், தினம் இதைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாயிரம் எட்டு எடுத்து வைத்து நடக்க வேண்டும், காலடிச் சத்தம் கேட்டால்தான் அது நம்மோடு இருக்கும் என்று சொன்னீர்கள். பாம்புக்குக் கால் இல்லை, அதற்காக நான் நடக்க வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன் நீங்கள் இருவரும் சேர்ந்து பிடித்து எட்டு வருஷம் வளர்த்தது என்று அவள் சொன்னாள். பாத்ரூமுக்குத் தவிர தரையில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா அவளைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார். நான் மறுக்க முடியுமா, சரி என்றேன்.

ஐந்து நாள் ஒழுங்காக நடந்தேன். நானே எண்ணி நோட்டில் குறித்திருக்கிறேன்: இரண்டாயிரத்து நான்கு, இரண்டாயிரத்துப் பத்து, இப்படி. பெட்டியில் எண்ணிக்கை விழுகிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. ஊரையே அளந்தவனை ஒரு பொம்மை அளப்பதாவது என்ற திமிர்தான், வேறென்ன. ஆறாம் நாள் காலையில் பார்த்தால் வெறும் மணல். சுண்டுவைக் காணோம். உங்கள் மனைவி பெட்டியை வாங்கி, அதில் வந்த எழுத்தைப் படித்தாள். ஐந்து நாளாக ஒரு காலடி கூடக் கேட்கவில்லையாம், சுண்டு மணலுக்குள் போய்விட்டதாம், ஏழு நாளுக்குள் பத்தாயிரம் எட்டு நடந்தால் வருமாம், இல்லையென்றால் பாலைவனத்துக்கே போய்விடுமாம். விஷயம் என்னவென்றால், மாற்றி வைத்த இந்த இரும்பு முட்டியோடு வலது காலை நான் இழுத்து இழுத்து வைக்கிறேன். அதைப் பெட்டி நடை என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சுவரைப் பார்த்தே சொன்னாள்.

"போன தடவையும் இப்படித்தான்ப்பா. எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சிட்டிருந்தோம், திடீர்னு ஒண்ணுமில்லாம போச்சு. இது போயிட்டா அதுவும் போயிடும்னு மனசுல விழுந்துடுச்சு."

போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. அசட்டுத்தனமாகப் பேசாதே, பாம்புக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அதட்டினேன். அதட்டிவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அன்று பூராவும் விறைப்பாக நடந்து பார்த்தேன், நொண்டி நடந்து பார்த்தேன், பெட்டி மசியவில்லை. மறுநாள் ஒரு யோசனை. வாஷிங் மிஷின் மேல் பெட்டியை வைத்துத் துணியைப் பிழியவிட்டேன். நாலே நிமிஷத்தில் பதினோராயிரம். ஆஹா என்று தூக்கிக்கொண்டு ஓடினால், மணற்புயல் என்று எழுதியிருக்கிறது. சுண்டு பயந்துபோய் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டதாம், எண்ணிக்கை பூஜ்யம், கெடுவில் ஒரு நாள் வெட்டு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மீதி நாலு நாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், ஹாலில் உங்கள் மனைவி நிற்கிறாள். ஒரு கையில் சுவர், ஒரு கையில் பெட்டி. எத்தனை எட்டு என்று கேட்டேன். பதினேழு என்றாள். கத்தவில்லை மாப்பிள்ளை, கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள். மெதுவாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்து, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அவர் வந்து பார்த்து, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை நான் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் போனதும் சொன்னேன், "நீ கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்னு சொல்லு. நான் அதைக் கொண்டாந்து காட்டறேன்." சரி என்றாள்.

பெட்டியை இடது கணுக்காலில் கட்டினேன். அது நல்ல கால், அதன் எட்டு மட்டும் விழுந்தது. ஆக, பத்தாயிரம் விழ நான் இருபதாயிரம் நடக்க வேண்டும். எங்கள் மாடி வராந்தா ஒரு முனையிலிருந்து மறுமுனை அறுபத்திரண்டு எட்டு. போனேன், வந்தேன், போனேன், வந்தேன். கணுக்காலில் சிவப்பு விளக்கு மினுங்குவதைப் பார்த்து வாட்ச்மேன் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, குரலைத் தாழ்த்தி, ஏதாவது கேஸா சார், கண்காணிக்கப் போலீஸ் கட்டிவிட்டதா என்று கேட்டார். இல்லை, உள்ளே பாம்பு என்றேன். அதன்பிறகு நான் நடக்கும் நேரத்தில் வராந்தாவுக்கு ஒருவரும் வருவதில்லை. அந்த மட்டில் சௌகரியம்.

நேற்று மாலை ஆறு மணிக்குக் கெடு. முட்டி வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஐந்து ஐம்பதுக்குப் படிக்கட்டுப் பக்கம் திரும்பும்போது பத்தாயிரம் விழுந்தது. மணல் அசைந்தது. தலை வந்தது, உடம்பு வந்தது, கடைசியில் வால். கொண்டுபோய் உங்கள் மனைவியிடம் கொடுத்தேன். எல்லாம் சுபம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இந்தச் சனியனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஜன்மத்துக்கு எனக்குப் பாம்பு போதும்.

கடல் உங்களுக்கு அடங்கி நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிட்டு, போன மாதிரியே முழுசாக வந்து பிள்ளையைக் கையில் வாங்குங்கள்.

ஆசிகளுடன்,
மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை உங்கள் மனைவி வாங்கிப் படித்து, ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி, "நல்லா இருக்குப்பா, அனுப்பிடுங்க" என்று கொடுத்துவிட்டாள். உறையை ஒட்டுமுன் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை, சுண்டு வரவில்லை. ஆறு அடித்தபோது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. முட்டி மடங்கிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. பெட்டியில் சுண்டு என்ற பெயர் என் கண்ணெதிரே அழிந்தது. அழுதேன், உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த நேரம் பார்த்து அவள் போன் செய்தாள். வந்துடுச்சும்மா, செயலாளர் என்னைப் பேச்சில் பிடித்துக்கொண்டார், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஒன்றைக் காட்டியாக வேண்டுமே. படியிலேயே உட்கார்ந்து, அந்தப் பாலைவனத்தை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கட்டமாகப் பிரித்து நோட்டில் படம் போட்டு, ஒவ்வொன்றாகத் தேடினேன். அறுபத்து மூன்றாவது கட்டத்தில் அதே ஜாதியில் ஒன்று அகப்பட்டது. பிடித்துச் சுண்டு என்று பெயர் வைத்தேன். ஆனால் இதற்கு ஒன்பது வளையம்தான்.

"வளையம் குறைஞ்சிருக்கேப்பா?" என்றாள். மணலுக்குள் பட்டினி கிடந்ததில் இளைத்துவிட்டது என்றேன். என்னைப் பார்த்தாள், என் முட்டியைப் பார்த்தாள், "சரிப்பா, இனிமே நீங்க நடக்க வேணாம்" என்றாள். நம்பிவிட்டாள். வயிற்றில் கை வைத்தபடி நிம்மதியாகத் தூங்கினாள், ஒரு வாரத்தில் அதுதான் முதல் தூக்கம். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நேற்றிலிருந்து அதைச் சுண்டு என்று கூப்பிடுவதில்லை, சின்னவனே என்கிறாள். நீங்கள் போனில் வளையத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். இன்னும் நூற்று இருபத்தொன்பது கட்டம் பாக்கி இருக்கிறது. அவள் கண்ணயரும்போது பழைய சுண்டுவைத் தேடித் தினம் பத்துக் கட்டம் பார்ப்பதாக இருக்கிறேன்.