மூன்றாவது முத்தத்தின் சத்தம்

2019 மார்ச் 14, வியாழன், காலை 11 மணி 42 நிமிடம். பதினேழாவது டேக்.

அன்புள்ள அண்ணன் கிளோவிஸுக்கு,

தம்பி ரெமி எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். மேலே குறித்திருப்பது உன்னைப் படப்பிடிப்பிலிருந்து அனுப்பிய நேரம். நீ போனை எடுக்கவில்லை. அதனால் கடிதம், இன்றே அம்மா வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே. நாம் எடுக்கும் டிவி தொடரில், தம்பி செய்த திருட்டுக்காக அண்ணன் ஒன்பது வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறான், வாசலில் தம்பி நிற்கிறான், இரண்டு பேரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும், வசனமே கிடையாது, அரை நிமிட வேலை. அண்ணனாக நடிக்கும் ஆர்மான் பாரிஸ்காரர், அந்த ஊர் வழக்கத்தில் முத்தம் இரண்டுதான், இரண்டோடு முகத்தை எடுத்துவிடுகிறார். தம்பியாக நடிக்கும் லூசியான் மூன்றாவதுக்குப் பாய்கிறார், நம்ம மாந்த் ஊரில் மூன்று என்று எந்த மடையனோ அவர் காதில் ஓதியிருக்கிறான். பாய்ந்த தாடை ஆர்மானின் காலரில் இடிக்கிறது, என் ஹெட்ஃபோனில் டொக். பதினேழு டேக், பதினேழு டொக். இயக்குநர் மதாம் வெர்னியோலுக்கோ அந்தத் தடுமாற்றம் ரொம்பப் பிடித்துவிட்டது. "தம்பி கிட்ட வர்றான், அண்ணன் விலகுறான்! ஒன்பது வருஷ அநியாயம் பூரா அந்த ஒரு சாண் இடைவெளியில நிக்குது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில் குறை இல்லையென்றால் அந்த டொக்குக்குக் காரணம், நடிகர்கள் தலைக்கு மேலே நீட்டும் மைக் கம்புதான். "கம்பைப் பிடிச்சிருக்கிறது யாரு? கை ஆடுது. வீட்டுக்கு அனுப்புங்க."

கம்பைப் பிடித்திருந்த நீ என்னைப் பார்த்தாய். நான் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தேன்.

அப்புறம் லாரி டிரைவர் கம்பைப் பிடித்தார். பதினெட்டாவது டொக். அவரையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது லாரியை எடுக்க ஆளில்லை.

சாப்பாட்டு மேசையில் மேக்கப் சொலாஞ்ச் என் தட்டையே பார்த்தாள். "சொந்த அண்ணனை அனுப்பிட்டு சீஸ் எப்படிடா இறங்குது?"

"இறங்குது."

மதாம் என் பக்கம் திரும்பினார். "இந்த நாட்டுல மனசாட்சி செத்துப்போச்சு, ரெமி. அதைச் சொல்லத்தான் இந்தத் தொடர். புரியுதா?"

"புரியுது மதாம். அந்த ரொட்டியை இப்படித் தள்ளுங்க."

வருஷத்துக்கு 507 மணி நேரம் வேலை காட்டினால்தான் வேலையில்லாத மாதங்களுக்கு உதவித்தொகை என்பதும், உனக்கு இன்னும் 31 மணி குறைகிறது, கெடு இந்த மாதக் கடைசி என்பதும் எனக்குத் தெரியும். நான் என்ன செய்யட்டும்? கேபிள் சரி, பேட்டரி சரி. நான் சத்தத்தைப் பதிகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை. பொறுத்துக்கொள், வேறு படம் வரும். அம்மாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
ரெமி

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிடு. அந்த மடையன் நான்தான். நேற்று காபி மெஷின் பக்கத்தில் லூசியான், "இங்க எத்தனைப்பா?" என்று கேட்டார். "மூணு. இதுகூடத் தெரியாதா?" என்றேன். ஆர்மான் கேட்கவில்லை, அவரிடம் சொல்லவில்லை. இன்னொன்று: உன் கம்பு மைக் முதல் தடத்தில் பதிவாகிறது, ஆர்மானின் காலரில் குத்திய மைக் இரண்டாவதில். எல்லா டொக்கும் இரண்டாவதில். உன் தடம் சுத்தம். 11:42க்கே எனக்குத் தெரியும். ஆகவே:

1. நாளை காலை எட்டு மணிக்கு, எல்லோர் முன்னாலும், இரண்டு தடங்களையும் மதாம் காதில் போடுவேன்.
2. மூன்று என்று சொன்னது யார் என்பதையும் சொல்வேன்.
3. என்னை அனுப்பாவிட்டால் பழைய வேலை. அனுப்பிவிட்டு உன்னைக் கூப்பிட்டால், உன் 31 மணி முடியும்வரை படப்பிடிப்பு நிற்காமல் இருக்க, ஆளில்லாத அந்த லாரியை நான் ஓட்டக் கேட்பேன்.
4. பிறகு அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்பேன். முத்தம் எத்தனை என்று நீயே முடிவு செய். ஒன்றுமே இல்லை என்றாலும் சரி.