மச்சானின் செருப்பும் பின்சந்து விளக்கும்

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை மதியம்.

என் மனைவியுடன் பிறந்த ஒரே காரணத்தால் என் புலம்பலைக் கேட்கக் கடமைப்பட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கும் மச்சான் கமலநாதன் அவர்களுக்கு, சபாபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா மாரியாயியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அவளுக்கு வலது மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு இருப்பதால் அதைப் பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதைப் போட்டாலும் உங்கள் மகள் மலர்விழி சிரிக்கிற பொம்மை போடுகிறாள்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் சந்து பொழுது சாய்ந்தால் கும்மிருட்டு என்பது உங்களுக்கே தெரியும். அங்கே இரண்டு விளக்குப் போடத்தான் குடியிருப்போர் காவல் குழுத் தலைவர் என்ற முறையில் நான் காவல்துறையின் சமூகக் காவல் மானியத்துக்கு மனுப் போட்டேன். மானியம் கிடைத்தது. முதலில் சந்தின் நீளத்தையே மிஞ்சும் பேனர் வந்தது. அதைச் சித்திரைத் திருவிழாவில் கட்டினோம். பிறகு பன்னிரண்டு ஒளிரும் மேலங்கி வந்தது, குழுவில் நாங்கள் ஏழு பேர். திருவிழா முடிந்த மறுநாள் பூட்ஸ் வந்தது, அது பிடித்துப்போய் இன்றுவரை காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூட அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். சமூகத்தோடு பழகுவது எப்படி என்று செராஸில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள், அறையில் போலீசாரும் நாங்களும் பஃபேயும்தான் இருந்தோம். விளக்கு மட்டும் வரவில்லை. போன மாதம் உங்கள் அக்கா அந்தச் சந்தில்தான் கால் தடுக்கி விழுந்தாள். ஐந்து வாரமாகக் கோயிலுக்கு வரமாட்டேன், விளக்கு வரட்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டவன் இப்போது தனியாக நிற்கிறேன். எனக்கு அது நன்றாக இல்லை மச்சான்.

சரி, விளக்கு என்னாயிற்று என்று இன்ஸ்பெக்டர் யுகேந்திரனிடம் போய்க் கேட்டேன். தங்கமான பையன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஃபாரம் திரும்பி வந்திருச்சு அங்கிள். ஆறு மாசமா உங்க ஏரியாவுல ஒரு ரிப்போர்ட்டும் இல்ல. குற்றமே இல்லாத இடத்துக்கு லைட் எதுக்குன்னு மேல கேக்குறாங்க" என்றான்.

"அப்ப மேலங்கி எதுக்குக் கொடுத்தாங்க தம்பி?"

"அது வேற பட்ஜெட்லா அங்கிள். ஒரே ஒரு ரிப்போர்ட் இருந்தா போதும். லைட் போட்டப்புறம் குறைஞ்சிருச்சுன்னு காட்டிடலாம். குறையணும்னா முதல்ல இருக்கணும்ல? இந்த மாசக் கடைசி புதன்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

எங்கள் வட்டாரத்தில் நடக்கிற ஒரே குற்றம் கோயில் வாசலில் செருப்புக் காணாமல் போவது. அதற்கு எவன் புகார் கொடுப்பான்? போனது செருப்பில்லை சனி என்று சந்தோஷமாக வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிறவர்கள் நாம். மூன்றாம் மாடி வள்ளியம்மாவுக்கு இந்த வருஷம் இரண்டு ஜோடி போயிருக்கிறது. கேட்டதற்கு, "ரிப்போர்ட் பண்ணி செருப்பு திரும்ப வந்தா சனியும் சேந்துல்ல வரும்? நீங்க வச்சுக்குவீங்களா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் நம் கிரிகரி ஞாபகம் வந்தார். கத்தோலிக்கர், அவருக்குச் சனி கிடையாது. ஆனால் சர்ச்சில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. சரியென்று அவருடைய புது ஷூவை எங்கள் கோயில் வாசலில் விட்டுப் பார்த்தோம். மூன்று வாரம் அங்கேயே இருந்தது. யாரோ துடைத்து, மழை படாமல் ஓரமாக வேறு வைத்திருந்தார்கள்.

இனி நீங்கள்தான் கதி. மலர்விழி வாங்கிக் கொடுத்த உங்கள் பழுப்புத் தோல் செருப்பு சித்திரைத் திருவிழாவில் கோயில் வாசலில் போனதே, நினைவிருக்கிறதா? "விடுங்க அத்தான், பீடை போச்சு" என்று வெறுங்காலோடு காரோட்டிப் போனீர்கள். அப்புறம் உங்கள் முழங்கால் வலி போயிற்று, பேரன் பிறந்தான். இங்கேயோ அந்த வாரமே லிப்ட் நின்றது, எனக்குக் கடைவாய்ப்பல் போனது, பிறகு அக்கா விழுந்தாள். செருப்பு உங்களுக்குத் திரும்ப வேண்டாம், புகார் மட்டும் போதும். வருகிற புதன்கிழமைதான் கடைசி நாள், அதற்குள் வந்து கொடுங்கள். திருடன்மேல் இரக்கம் காட்ட வேண்டாம். பிள்ளையார் வாசலில் கைவைத்தவன் நல்ல குடும்பத்தில் பிறந்திருக்க மாட்டான் என்று தலைவர் சொன்னதாகவே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும். புதுப் பேரன் பிள்ளையார் புண்ணியத்தில் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
சபாபதி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டால் பூட்ஸ் ஈரம். பழைய செருப்பைத் தேடி அலமாரிக்கு அடியில் கைவிட்டேன். பழுப்புத் தோல் செருப்பு வந்தது. போட்டுப் பார்த்தேன், ஒரு விரல் பெரிது. உங்கள் அக்கா பார்த்துவிட்டு, "இது தம்பியோடது. அன்னிக்கு பேனரத் தூக்கிக்கிட்டு இருட்டுல வந்தப்ப நீங்கதான் மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். ஆக, உங்கள் சனி மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. லிப்டும் பல்லும் மணிக்கட்டும் இப்போது விளங்குகிறது. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். யுகேந்திரனைப் போனில் கேட்டதற்கு, "இன்னும் நல்லது அங்கிள். முன்ன ஒண்ணு, இப்ப சைபர். நீங்க வந்து ஒத்துக்குங்க, லைட்டு வந்துரும்" என்றான். அதனால் புகாரைக் கொடுத்துவிடுங்கள் மச்சான். திருடன் நல்ல குடும்பம் என்று மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். உங்கள் அக்கா இப்போதே கோயில் புடவையை எடுத்து மடிப்புப் பிரித்து வைத்திருக்கிறாள், விளக்கு எரிகிற முதல் வெள்ளிக்கிழமை கட்டுவதற்காம். செருப்பைச் சாட்சிப் பொருளாக ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்வார்களாம். அங்கேயே இருக்கட்டும்.