ள இல்லாத கம்ப்யூட்டர்

"இதைத் திறந்து காட்டுங்க" என்று மனைவி அந்தக் கறுப்புச் சதுரத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும், அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

அது ஒரு பிளாப்பி, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் அடித்ததைச் சேமிக்கிற டிஸ்க். பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குக் கீழே, இனி இந்த ஜென்மத்தில் யார் கைக்கும் எட்டாது என்று அவர் புதைத்து வைத்திருந்த பிளாப்பி.

"இப்ப எதுக்கு இதைத் தோண்டி எடுத்த?"

"எனக்குத்தான் படிக்க வந்துடுச்சே. நீங்க எனக்கு எழுதின கடுதாசியை நானே படிச்சுக்கறேன்."

அந்தக் கடுதாசிக்கும் அவர்கள் கல்யாணத்துக்கும் ஒரே வயது. அவர் அப்போது ஓர் ஆபீசில் பியூன். கம்ப்யூட்டர்களுக்கு உறை போடுவது, காலையில் உறையைக் கழற்றித் தூசி தட்டுவது, இரண்டும் அவர் வேலை. தெருவில் அவருக்கு 'சிஸ்டம்' என்று பெயர் வர அதுவே போதுமாக இருந்தது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, "உனக்குப் பக்கம் பக்கமா ஒரு கடுதாசி அடிச்சு வச்சிருக்கேன், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். "எங்க, காட்டுங்க" என்றாள் அவள். குப்பைக்குப் போகவிருந்த பிளாப்பி ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். "இதுக்குள்ள இருக்கு. படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் பிரிண்ட்டு?"

அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தப் பிளாப்பியைத்தான் இழுப்பார். "உன் சிரிப்பைப் பத்தி மட்டும் ஒரு பக்கம் எழுதினவன்டி நான். என்னைப் போய் இப்படிப் பேசுறியே." அதோடு சண்டையில் ஜெயம் அவருக்கு.

உள்ளபடிக்கு அந்தப் பிளாப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கம்ப்யூட்டர் பொத்தான்களை அவர் துணியால் தொட்டதுண்டு, விரலால் தொட்டதில்லை. இது மட்டும் வெளியே வந்தால், இத்தனை வருஷமாக ஜெயித்த சண்டை எல்லாவற்றையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிற மனைவிக்கு, வேலை முடிந்தபின் உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுக்க ஆள் வருவார்கள் என்று அவர் கனவு கண்டாரா? வந்தார்கள். அவளும் கற்றுக்கொண்டாள். ல, ள, ழ மட்டும்தான் பிடிபடவில்லை. "மூணையும் ஒரே மிஷின்ல போட்டுத் துவைச்சுடறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"இதைப் படிக்கத் தனியா ஒரு டிரைவ் வேணும்" என்றார். "அது இப்ப உலகத்துலயே கிடையாது. செய்யறதையே நிறுத்திட்டான்."

அந்த வாரமே மகள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

"அப்பா, டிரைவ் ஆன்லைன்ல கிடைக்குது. லேப்டாப்ல சொருகினா போதுமாம்."

பெற்ற மகள். மருந்துக்கடைக்குப் போய் அவருக்கு ஒரு தைலம் வாங்கிவர மூன்று நாள் ஆகும். இதற்கு மட்டும் கால் முளைத்துவிட்டது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவ் கரகரவென்று கத்தியது. திரையில் ஒரு கட்டம் வந்தது. மகள் அதைப் படித்தாள்: "இந்த டிஸ்க் ஃபார்மட் ஆகலையாம். ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது."

அவருக்கு உயிர் வந்தது. "கேக்குதுல்ல. ஆமான்னு அமுக்கு."

"பண்ணா என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சுடும்மா."

மௌஸ் மேல் போன அவர் கையை மனைவி எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"நீங்க எழுதினதை நீங்களே ஏன் அழிக்கச் சொல்றீங்க?"

"நான் எங்க அழிக்கச் சொன்னேன்? எங்க ஆபீஸ்ல இருந்தது மேக். இது விண்டோஸ். மேக்ல எழுதினது விண்டோஸுக்குப் பிடிக்காது. உனக்கும் என் அக்காவுக்கும் மாதிரி. ஒண்ணு பேசறது இன்னொண்ணு காதுல ஏறாது."

தன் அறிவைத் தானே மெச்சிக்கொண்டார். மறுநாள் அந்த அறிவே வினையாயிற்று. மகள் தன்னோடு வேலை செய்கிற பெண்ணிடமிருந்து இன்னொரு லேப்டாப்பை வாங்கி வந்திருந்தாள்.

"இதுல லினக்ஸ் இருக்குப்பா. மேக், விண்டோஸ், எதோட டிஸ்க்கா இருந்தாலும் படிக்கப் பாக்கும்."

"ஊர்ல இருக்கற அத்தனை மிஷினும் என் வீட்டு விஷயத்தைப் படிக்கணுமா? புருஷன் பொண்டாட்டிக்கு எழுதினதும்மா அது."

"அதான் அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்களே."

லினக்ஸ் பிளாப்பியை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. அவர் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் பெருமூச்சு விட்டார். மகள் போனில் எதையோ தேடிப் படித்தாள். "ரொம்பப் பழைய மேக் டிஸ்க் சுத்தற வேகமே வேறயாம்ப்பா. புது டிரைவால முடியாது. அந்தக் காலத்து மேக்கே இருந்தாத்தான் உண்டு."

"அதான் முதல்லேர்ந்து சொல்றேன். அந்த மிஷின் இனி மியூசியத்துலதான் இருக்கும். போய் டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு வாங்க ரெண்டு பேரும்."

"எங்க சலவைக்கூடத்துக்குப் பின்னால ஒரு ரிப்பேர் கடை இருக்கு" என்றாள் மனைவி. "பழைய கம்ப்யூட்டரா அடுக்கி வச்சிருக்காரு. கேட்டுப் பாக்கறேன்."

அன்று எல்லோரும் படுத்தபின் அவர் எழுந்துபோய், ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் ரசீதைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைக் கழற்றினார். காந்தம் பட்டால் பிளாப்பியில் இருப்பது அழிந்துவிடும் என்று ஆபீசில் சொல்லக் கேட்டிருந்தார். பிளாப்பியின் இரண்டு பக்கமும் கன்னத்தில் பவுடர் பூசுகிற மாதிரி தேய்தேய் என்று தேய்த்தார். அதுவும் போதாது என்று பிளாப்பியை ஃபிரிட்ஜ் கதவிலேயே வைத்து, மேலே காந்தத்தை ஒட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் அது அங்கே இல்லை. மனைவி டிபன்பெட்டியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள்.

சாயந்திரம் நேரம் கழித்து வந்தாள்.

"கடையில கேட்டேன். அந்த மிஷின் இருக்காம். ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாரு."

"அவன் எதுக்கு ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறக்கறான்? மனுஷனுக்கு ஓய்வே வேண்டாமா?" முன்பின் தெரியாத மெக்கானிக்கின் ஓய்வுக்காக அவர் அன்று ரொம்ப நேரம் கொதித்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் நேரம் கழித்துத்தான் வந்தாள். விரிப்பு அதிகமாம். வந்தவள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, வெள்ளிக்கிழமைக்கு எந்த ல?" என்று கேட்டாள்.

அவருக்கு இருந்த எரிச்சலில், "எதையாவது போடு. உன் எழுத்தை யாரு படிக்கப் போறா?" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. தலைவலி என்று பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பார்த்தார். மகள் ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டாள்.

ரிப்பேர் கடை ஒரு சந்து அகலம்தான். இரண்டு பக்கமும் பழைய மானிட்டர்கள் கூரைவரை ஏறியிருந்தன. மெக்கானிக், திருப்புளியைக் காதில் செருகியிருந்தவர், "வாங்க அக்கா" என்று ஒரு ஸ்டூலை மனைவி பக்கம் தள்ளினார். அவரை நிற்கவிட்டார். மரியாதை தெரியாத பயல் என்று அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

மேசைமேல் நிறம் பழுத்துப்போன ஒரு மேக். அவர் தூசி தட்டிய மிஷினின் அண்ணன் மாதிரியே இருந்தது. பிளாப்பி காலியாக இருந்தால் சொல்வதற்கு ஒரு வரியை வழியெல்லாம் உருப்போட்டு வந்திருந்தார்: 'காலம் தின்னுடுச்சு, நான் என்ன பண்ண?'

மெக்கானிக் பிளாப்பியை மிஷினுக்குள் தள்ளினார். அது விழுங்கியது. கத்தவில்லை, துப்பவில்லை.

"ஒரே ஒரு ஃபைல் இருக்கு சார்" என்று மெக்கானிக் அதைத் திறந்தார்.

திரையில் தமிழ் வந்தது. 'அன்பு' என்று ஆரம்பித்திருந்தது.

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. ஆபீசில் எவனோ ஒரு கிளார்க், எவளுக்கோ வேலை நேரத்தில் காதல் கடுதாசி அடித்திருக்கிறான். அந்தப் பிளாப்பிதான் அன்று அவர் பைக்குள் ஏறியிருக்கிறது. காந்தத்துக்குக்கூட அழியவில்லை. இப்படியும் ஓர் அதிர்ஷ்டம் உண்டா? கை தானாக மீசைக்குப் போயிற்று.

"பாத்தியா?" என்றார், சந்து முழுக்கக் கேட்கும்படி. "எத்தனை சந்தேகம், எத்தனை சோதனை. பெத்த மகளே லேப்டாப்பைத் தூக்கிட்டு அலையறா. இப்ப என்ன சொல்றீங்க? ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சது. என் மேல சத்தியமா நான் அடிச்சது."

"தப்புதாங்க" என்றாள் மனைவி. "நீங்களே வாசிங்க. உங்க வாயால கேக்கறேன்."

மகள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ரெக்கார்ட் பண்றேன்ப்பா. இது நம்ம குடும்பச் சொத்து."

அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்புல்ல உனக்கு. உன்னைக் கட்டிக்கப் போறவன் எழுதுறது. உன் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதலாம். ஆனா கை வலிக்குது." நிமிர்ந்து பார்த்து, "அப்ப ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று விளக்கம் சொன்னார். "கல்யாணம் ஆனதும் ராத்திரிப் பாத்திரம் எல்லாம் நான் கழுவுவேன்."

நிறுத்தினார்.

"வாசிங்க" என்றாள் மனைவி.

"எல்லா நாலும் கழுவுவேன். நீ வேலை முடிஞ்சு வந்தா கால் அமுக்கி விடுவேன். சாப்பாடு நல்லா இருந்தா வாயைத் திறந்து சொல்வேன். சண்டையில உன் பக்கம் நியாயம் இருந்தா ஒத்துக்குவேன். நீ தெரியாம ஏதாவது கேட்டா, கேலி பண்ணாம சொல்லிக் குடுப்பேன். உல்லம் நிறைந்த அன்புடன்."

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, தானும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி.

"ஒவ்வொரு எழுத்தும் நீங்க அடிச்சது" என்றாள்.

இல்லை என்று எப்படிச் சொல்வது? போன் இன்னும் முகத்துக்கு நேரேதான் இருந்தது.

"ஆமா" என்றார்.

"ஆனா அப்பா," மகள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள், "இது என்ன, அன்புல்ல, உல்லம்? எல்லா நாலும்னா மூணு நாலு கணக்கா? அம்மாவை ல, ளன்னு அந்தப் பாடு படுத்துவீங்களே."

இதற்குமேல் பொறுக்க அவரால் முடியவில்லை. பாத்திரத்தையும் தலையில் கட்டிவிட்டு எழுத்துப்பிழையையுமா?

"உனக்கு என்ன தெரியும் அந்தக் காலத்து மிஷினைப் பத்தி? இந்தக் கம்ப்யூட்டர்ல பெரிய ள கிடையவே கிடையாது. இருந்த எழுத்தை வச்சு மனசுல இருந்ததை எழுதினேன். அதுக்கும் குத்தமா?"

"பரவால்லங்க, எனக்குப் புரியுது" என்று மனைவி ஸ்டூலைவிட்டு எழுந்தாள். "வாங்க. நேத்துப் பாத்திரம் அப்படியே கிடக்கு."

அம்மாவும் மகளும் ஆட்டோவைத் தேடி வெளியே போனார்கள். அவர் நகரவில்லை. அந்தக் கிளார்க் மட்டும் இப்போது கையில் கிடைத்தால். காதலிக்கிறவன் நிலாவைப் பற்றி எழுதுவான், பூவைப் பற்றி எழுதுவான். எந்த மடையனாவது பாத்திரம் கழுவுகிறேன் என்று எழுதிக் கொடுப்பானா? அதையும் ஆபீஸ் பிளாப்பியில்?

மெக்கானிக் பிளாப்பியை வெளியே எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். ஏதோ சொல்ல வந்து தயங்கினார்.

"என்னய்யா?" என்றார் அவர்.

"இந்த மிஷின்லயும் ள இருக்கு சார், ஷிஃப்டை அமுக்கிட்டு அடிக்கணும், இந்த வாரம் பூரா அக்கா அந்த ஸ்டூல்ல உக்காந்து ஒத்தை விரலால அடிச்சாங்களே, அப்ப சொல்லிக் குடுக்க நான்தான் மறந்துட்டேன்."