அம்மாவுக்குத் துணையாகப் போன கதை

நோயாளிக்குத் துணையாகப் போகிறவன் செய்ய வேண்டிய முதல் காரியம், தானும் நோயாளியாகாமல் இருப்பது. இந்தச் சின்ன விஷயத்தில் நான் தோற்றுப்போனவன். அதை ஒளிக்கவும் முடியாது. என் இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். தலவாக்கலைக்குக் கீழே, கொத்மலைப் பக்கம் சரியும் ஒரு தோட்டத்தில் எங்கள் குடும்பம். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா அங்கம்மா, கொழுந்து எடுப்பவர். எனக்கு இருபது வயது. எஸ்.எஸ்.சி. பரீட்சையில் ஆங்கிலத்துக்கு, வெறும் பாஸுக்கு மேலான திறமைச் சித்தி வாங்கி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக இருந்தேன். (அந்தத் திறமைச் சித்தியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத நாள் கிடையாது.)

அம்மாவின் கன்னத்துக்கு உள்ளே ஒரு புண். வெற்றிலை போடும்போது சுண்ணாம்பு பட்டிருக்கும் என்றார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். ஆறவில்லை. மிளகாய்ச் சம்பல் பட்டால் எரிந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடனே கண்டிக்கு அனுப்பினார். அங்கே ஒரு துளி சதையை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். சில வாரம் கழித்து டிஸ்பென்சருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

"தம்பி, இது புற்றுநோய்தான். ஆனா வேளைக்கே பிடிச்சிட்டம். பிந்தாமல் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போம்."

அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டுமே என் காதில் ஏறியது. அந்தக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சொன்னவருக்கே வந்துவிடும் என்று பயம். அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயம். அதனால், படித்தவன் என்ற முறையில், ஒரு திட்டம் போட்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதில்லை. பல்லில் கோளாறு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது. டொக்டர் பேசுவதை நானே மொழிபெயர்ப்பது. நடுவில் நான் நிற்கும்போது அந்தச் சொல் எப்படி அம்மாவின் காதுக்குப் போகும்?

தலைமை வாத்தியாரிடம் கழுத்துப்பட்டி ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா தங்கச்சிகளோடு தோட்டத்தில் இருந்துகொண்டார். தலவாக்கலை ஸ்டேஷனில் காலைக் கோச்சி ஏறி நானும் அம்மாவும் கிளம்பினோம். வண்டி நகர்ந்ததும் நான் பல்லைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

"பல்லுக்கா கொழும்பு வரைக்கும் போறோம்?" என்றார் அம்மா.

"இது சாதாரணப் பல்லு இல்லம்மா. வேர்ப் பல்லு. வேரு கன்னத்துக்குள்ள ஓடியிருக்கு. அதுக்கு மெசின் கொழும்புலதான் இருக்கு."

"அப்படியா" என்று சொல்லி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். தனக்குச் சம்பல் இல்லாமல் ஒன்று எடுத்துக்கொண்டார். நான் பேசிக்கொண்டே போனேன். நாவலப்பிட்டி வருவதற்குள் அந்தப் பல்லுக்கு ஏழு வேர் முளைத்துவிட்டது. கண்டிப் பக்கத்திலிருந்து வந்து ஏறியவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்து நெருங்கி உட்கார்ந்தபோதும் நான் நிறுத்தவில்லை. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டே வந்தார். என்ன அப்பாவி என்று என் நெஞ்சு உருகியது.

அன்றிரவு கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் இளம் வயதுச் சிங்களவர். என் கழுத்துப்பட்டியைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். முதல் இரண்டு வாக்கியம் புரிந்தது. அதன் பிறகு என் திறமைச் சித்தி எழுந்து வெளியே போய்விட்டது. அவர் நாலைந்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "ஒரு வாரம் தங்கணுமாம்" என்றேன்.

டொக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான், தமிழ் மிகவும் சுருக்கமான மொழி என்றேன். (இதை நான் உண்மையாகவே சொன்னேன்.)

அம்மா கேட்டார்: "திரும்பவும் கொழுந்துக்குப் போக முடியுமான்னு கேளு."

நான் டொக்டரிடம் கேட்கவே இல்லை. நானே பதில் சொன்னேன். "போகலாமாம்."

என் திறமையில் டொக்டருக்கு நம்பிக்கை போயிருக்க வேண்டும். விளங்க வைப்பதற்காக ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, மாதிரிக்கு வைத்திருந்த ஊசி ஒன்றை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். இதைப் போன்ற ரேடியம் ஊசிகளைக் கன்னத்துக்குள் வரிசையாகக் குத்தி, ஒரு வாரம் அப்படியே வைத்திருப்போம் என்று தன் கன்னத்திலேயே விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் விரலை நான் எண்ணினேன். நான்காவது ஊசியை நான் பார்க்கவில்லை. அதற்குள் அறை இருட்டிவிட்டது.

இரும்பு மேசையின் விளிம்பில் நெற்றி அடிபட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தபோது நோயாளிகளுக்கான கட்டிலில் நான் கிடந்தேன். கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்து அதாலேயே என் நெற்றி இரத்தத்தை அழுத்திக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டொக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். சிங்களத்தில்.

நான் புத்தகத்தில் படித்த சிங்களம் இல்லை அது. தோட்டத்துக்குக் கீழே, நாங்கள் 'நாடு' என்று சொல்லும் சிங்களக் கிராமத்தில் அம்மாவுக்கு மெனிக்கே என்று ஒரு சிநேகிதி உண்டு. இருபது வருஷமாகப் பலாக்காய்க்கும் வெற்றிலைக்கும் அங்கே போய்வந்த அம்மாவின் வாயில், அந்த மொழி ஓடை மாதிரி ஓடியது. எத்தனை ஊசி, எத்தனை நாள், சாப்பாடு எப்படி, ஊசியை எடுத்த பிறகு புண் ஆற எவ்வளவு காலம், நோய் திரும்பி வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று வரிசையாகக் கேட்டார். நான் முழுங்கிய கொழுந்துக் கேள்வியையும் கேட்டார். டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இந்த அளவில் வருகிறவர்கள் பெரும்பாலும் குணமாகிப் போகிறார்கள், நீங்கள் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார். அந்த நோயின் பெயரை அவர் சொன்னார். அம்மாவும் சொன்னார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு டொக்டர் என் நெற்றியைப் பார்த்தார். தைக்க வேண்டும், மருந்து போட்டாலும் வலிக்கும், ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சிங்களத்தில் சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்கும் தெரியும்.

அம்மா என் பக்கம் குனிந்தார். "ஒண்ணும் இல்லையாம் மணி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமாம்."

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து தாதி ஓடி வந்தார்.

"எறும்புன்னு சொன்னீங்களே" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"வேர்ப் பல்லுன்னு நீ சொல்லலியா?" என்றார் அம்மா.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, எப்போது தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன். டிஸ்பென்சர் டோர்ச் அடித்துப் பார்த்த அன்றைக்கே அவருடைய முகத்தில் அம்மா படித்துவிட்டாராம். கடிதம் வந்த மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்ததும் தானே நேராகப் போய்க் கேட்டாராம். அவரும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம்.

"பிறகு ஏம்மா கோச்சியில அவ்வளவு நேரம் என்னையப் பேச விட்டீங்க?"

அம்மா என் நெற்றிக் கட்டைச் சரிசெய்தார். "பேசிக்கிட்டு இருந்த வரைக்கும் நீ அழாம வந்த. அதான் விட்டுட்டேன்."

தன் பயத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, என் பயத்தையும் சேர்த்துச் சுமந்து வந்த மனுஷி. அவரைத்தான் நான் அப்பாவி என்று நினைத்திருந்தேன்.

ரேடியம் ஊசிகளோடு அம்மா இருந்த ஒரு வாரமும் யாரும் கிட்டப் போகக் கூடாது, அவர் பேசவும் கூடாது. தினமும் வார்டு வாசலில் நின்று பார்ப்பேன். கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கும். கஞ்சி இறங்காது. ஆனாலும் என்னைக் கண்டதும் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, வலி எப்படி என்று கையால் கேட்பார். நான் பரவாயில்லை என்று தலையாட்டுவேன். பார்வையாளர்கள் எல்லாருக்கும் நான்தான் நோயாளி என்று தோன்றியிருக்கும்.

புண் ஆற மூன்று மாதம் ஆனது. அம்மா வெற்றிலையை விட்டார். மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். அதோடு நிற்கவில்லை. டிஸ்பென்சரிடம் ஒரு டோர்ச்சை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்களை வரிசையாக உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கீழே நாட்டுக்குப் போய் மெனிக்கேயின் வாயையும் விடவில்லை. அப்படி அவர் டிஸ்பென்சரிடம் அனுப்பிய இரண்டு பேரில் ஒருத்திக்கு அதே நோய், அதே ஆரம்பம். அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அம்மாதான். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று லயமே சொன்னது.

அதன் பிறகு அம்மா இருபத்தெட்டு வருஷம் இருந்தார். வாய் கடைசிவரை சுத்தமாக இருந்தது. பேச்சும் அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு என்னைத் துணைக்கு அழைப்பதில்லை. இது எழுதாத சட்டம். போன வருஷம் என் மனைவிக்குக் கண் ஒப்பரேஷன். நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றேன். அவர் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"நீங்க வீட்டுலயே இருங்க" என்றார். "எனக்கு ஒரு கண்ணுதான் திறந்திருக்கும். அதை வச்சுக்கிட்டு உங்களையும் பாத்துக்க முடியாது."