ஜன்னல் அண்ணாச்சி அடைத்த தண்ணீர்

மழையே பெய்யாத ஊரில் மழைக்குப் பயந்தே வாழ்ந்த ஒரே மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் எங்கள் ஜன்னல் அண்ணாச்சியைக் கை காட்டுவேன்.

எழுபதுகளின் நடுவில் துபாய் தேராவில், ஒரு மளிகைக் கடைக்கு அடியில் எங்கள் ரூம். நான், மாயவரத்து பாய், தூத்துக்குடி அண்ணாச்சி, மூன்று பேர். சுவரின் உச்சியில் தெருவை ஒட்டி இரண்டு ஜன்னல். வெளியே ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குழி. எட்டிப் பார்த்தால் போகிற வருகிற செருப்புதான் தெரியும். அண்ணாச்சிக்குக் கடலோரத்தில் தோணி ரிப்பேர் வேலை. தண்ணீர் என்று ஒன்று இருந்தால் அது உள்ளே வரத்தான் பார்க்கும் என்பது அவர் கட்சி.

வெள்ளிக்கிழமை ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். இவர் குழியில் இறங்கி மணலை அள்ளுவார். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையைக் கம்பியால் குத்துவார். தோணிக்குச் செய்வது போலவே, எண்ணெயில் ஊறிய பஞ்சை ஜன்னல் இடுக்கில் வைத்து டொக்கு டொக்கென்று சுத்தியலால் அடித்து, மேலே பட்டி பூசுவார். பிறகு சோதனை. ஒரு வாளி நல்ல தண்ணீரை ஜன்னல்மேல் வீசிவிட்டு, உள்ளே ஓடிவந்து சுவரைத் தடவிப் பார்ப்பார்.

"குடிக்கத் தண்ணி மாஃபி, ஒரு சொட்டு இல்ல, இவரு ஜன்னலக் குளிப்பாட்டுறாரு!" என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

"சிரியும்வே, நல்லா சிரியும். ஒரு மழை பெய்யட்டும்."

ஒரு குளிர்காலம் நான் லீவில் ஊருக்குக் கிளம்ப இருந்தேன். தங்கச்சிக்குக் கல்யாணம். ஜப்பான் சேலைகள், மாப்பிள்ளைக்குச் சொல்லியிருந்த ரேடியோ எல்லாம் பெட்டியில் கட்டித் தரையில் கிடந்தன. அதில் ஒன்று கெட்டாலும் சம்பந்தி வீட்டார் முகத்தில் முழிக்க முடியாது.

"ஏல, பெட்டி பிளேன் ஏறுற வரைக்கும் என் பொறுப்பு" என்ற அண்ணாச்சி, யாரும் கேட்காமலே இரண்டு குழிகளையும் சுற்றி சிமெண்டில் வரப்பு கட்டினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நாங்கள் மூவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு வரவில்லை. அண்ணாச்சி மீசையை முறுக்கினார். "இப்ப சிரியும்வே!"

பாய் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, காலு ஏன் நனையுது?"

குழிப்பக்கம் போக விடாமல் வரப்பு தடுத்த தெருத் தண்ணீரெல்லாம் எங்கள் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"மாதாவே! படிய மறந்துட்டனே!"

நானும் பாயும் பெட்டியைக் கட்டில்மேல் தூக்கினோம். அண்ணாச்சி கதவைச் சாத்தி, இடுக்கில் அடைக்க ஆரம்பித்தார். பஞ்சு தீர்ந்தது. எங்கள் லுங்கி, போர்வை எல்லாம் தீர்ந்தது. வெளியே படிக்கட்டில் தண்ணீர் ஏற ஏற, கதவின் மேல் இடுக்கில் இன்னும் பீச்சியடித்தது. மனுஷன் தன் பெட்டியைத் திறந்தார். அடுத்த லீவுக்கென்று ஆசை ஆசையாகச் சேர்த்த சேலைகளை உருவி, முறுக்கி, சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்.

எனக்குப் பதறியது. "அண்ணாச்சி, மதினிக்கு வாங்குன சேலைல்லா!"

"அவளுக்கு அடுத்த லீவு இருக்குல. உன் தங்கச்சிக்கு ஒரு கல்யாணந்தான். கதவ முட்டுக் குடுல, பேசாம!"

மழை விடும்வரை மூன்று பேரும் கதவில் முதுகைக் கொடுத்து நின்றோம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை.

கல்யாணத்தில் தங்கச்சி, அந்தப் பெட்டியில் நனையாமல் வந்த ரோஸ் சேலையைக் கட்டிக்கொண்டு, யார் யார் காலிலோ விழுந்து எழுந்தாள். அதில் ஒரு ஜோடிக் கால் அண்ணாச்சியுடையதாக இல்லையே என்று எனக்குத் தாங்கவில்லை.