மைனஸில் ஒரு சுற்று

கணக்கு வாத்தியாருக்குப் புத்தி உண்டு என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஐம்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவையொட்டிக் கோயிலை நூற்றெட்டு முறை வலம் வருவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். தலைப்பிரசவம் சுகமாக நடக்க, மகள் பேரில் என் மாமியார் அதை நேர்ந்திருந்தார். மாதம் ஏறிவிட்டதால் என் மனைவியால் நடக்க முடியவில்லை. புருஷன் சுற்றினாலும் சேரும் என்று என்னை இறக்கிவிட்டார்கள். அவள் கோபுர வாசலில் உட்கார்ந்து, நான் கடக்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தாள்.

காலையில் பாதி, மாலையில் மிச்சம். (எதை முன்னால் வைத்துக் கூட்டினாலும் தொகை ஒன்றுதான் என்று மாமியாருக்குப் பாடம் வேறு நடத்தினேன். திமிர்!) சாயங்காலம் சாரல் விழுந்தது. ஈரக் கல்லில் விளக்குகள் மிதந்தன. சுற்றச் சுற்றக் கால்கள் என்னுடையவையாக இல்லை; யாரோ நடக்க, நான் பின்னால் மெல்ல மிதந்து வருவதாகத் தோன்றியது. மறுநாள் வகுப்பில் எதிர் எண்கள் நடத்த வேண்டும். ஓர் எண்ணோடு அதன் எதிர் எண்ணைக் கூட்டினால் பூஜ்யம். பையன்களுக்கு எப்படி விளங்கவைப்பது? வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று, ஒன்றுமே சுற்றாத கணக்கு... ஆகா, என்ன அழகு! அந்த அழகிலேயே, வாசலருகில், கூட்டத்துக்கு நடுவே, வந்த வழியே இடமாகத் திரும்பிவிட்டேன்.

ஊரே எனக்கு எதிரே வந்தது. எல்லாரும் என்னையே பார்த்ததால், முகத்தில் தேஜஸ் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முழுச் சுற்று முடிந்து வாசலுக்கு வந்தால், மாமியார் தலையில் கைவைத்து நின்றார்.

"என்ன மாப்ள, எடமாச் சுத்தி வாரிய? சுத்துனதெல்லாம் அழிஞ்சு போவுமே!"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் விளக்கினேன்.

"எல்லாம் அழியாது அத்தை. இது மைனஸ் ஒண்ணு. ஒரு சுத்தைத்தான் அழிக்கும்."

"அப்போ அழியத்தானே செய்யுது?" என்று என் மனைவி விசும்பத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்தபோதுதான் எனக்குக் கனவு கலைந்தது.

"ஒண்ணைக் கூடச் சுத்திருதேன், சரியாப் போயிரும்."

"ஒங்க கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்கிடுங்க. இங்கன மொதல்ல இருந்து சுத்துங்க," என்றார் மாமியார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, முதலிலிருந்து சுற்றினேன். (யாருக்கும் சொல்லாமல், சந்தேகத்துக்கு ஒன்று அதிகமாகவே.)

சுகப்பிரசவம். பெண் குழந்தை. அவள் வளர்ந்ததும், முதன்முதலாகச் சிலேட்டைக் கொடுத்தபோது குச்சியை இடது கையில் எடுத்தாள். எத்தனை முறை மாற்றிக் கொடுத்தாலும் இடது கைதான். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ்வளவும் திரும்பச் சுத்துனிய. அந்த ஒத்தைச் சுத்து மட்டும் கழியலையே, மாப்ள!"

இப்போது பேத்தியும் இடது கைதான். வீட்டில் யாரும் என்னைத் திட்டுவதில்லை. அவள் எழுத உட்கார்ந்தால் எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள், அவ்வளவுதான்.