ஆவி எந்த வண்டியில்?

"மின்சார வண்டி இந்த வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது!" என்று டிக்டிக் சபதம் செய்தபோது, அது ஏற்கனவே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

வந்த சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வெள்ளையாக, பின்னாலேயே நிற்கிறது. அவருக்கு முதல் பயமே அதுதான்.

டிக்டிக் கடிகாரம் பழுதுபார்ப்பவர். பெயர் தெருக்காரர்கள் வைத்தது. வீட்டுச் சுவர் முழுவதும் கடிகாரங்கள். சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது, வராவிட்டால் போய்விட்டது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அவர் மனைவி நூலகர். நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் உஷ்ஷக்கா. சத்தம் வராவிட்டால்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பது அவள் கட்சி.

அவர்களுடைய பழைய கார் இருமி இருமிக் கண்ணை மூடிவிட்டது. புதிதாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார் வாங்க வேண்டும். கடையில் ஒரே முகத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு நின்றன. ஒன்று பெட்ரோல் குடிப்பது, இன்னொன்று மின்சாரம் குடிப்பது.

"சனி, ஞாயிறு இதை ஓட்டிப் பாருங்க. எது வேணும்னு திங்கட்கிழமை சொன்னா போதும்" என்று ஷோரூம்காரர் மின்சார வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கணவன் மனைவி இருவர் ஃபோனிலும் ஏதோ ஒரு செயலியை ஏற்றினார். வண்டியின் வித்தைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். உஷ்ஷக்கா கைகட்டிக் கேட்டாள். டிக்டிக்கோ முன்மூடியில் காதை ஒட்டிவைத்து, நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவர் முக்கியமானதெல்லாம் சொல்றார். கேளுங்க."

"நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணுமே கேக்கல!"

டிக்டிக்குக்குப் பெட்ரோல் வண்டிதான் வேண்டும். எஞ்சின் துடிக்க வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு.

"பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்." இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே விடுதலை இந்த வாக்கியம். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பஞ்சர் அண்ணனின் கொட்டகை. அங்கே பழைய டயரின் மேல் ஒரு செஸ் பலகை. அதில் ராணி எப்போதோ தொலைந்துபோய், ஒரு போல்ட்தான் ராணியாக நிற்கும். வாய் பேசாத ராணி! எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த போல்ட்டின் ஆட்சியில் நிம்மதியாகக் கழிந்திருக்கின்றன! வீட்டிலேயே சார்ஜ் ஏறும் வண்டி வந்தால், எதைச் சொல்லிக் கிளம்புவது? இந்த வண்டியில் ஷாக் அடிக்காதுதான். ஆனால் அவருடைய சாக்கு அடிபட்டுப்போகும்.

ஆகவே உஷ்ஷக்காவே பயந்து "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். ஃபோனைத் தடவிப் பார்த்தார். செயலியில் விளக்கு, ஹாரன், கண்ணாடி, பூட்டு, ஏசி என்று வரிசையாகப் பொத்தான்கள். வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியை ஆட்டிவைக்கலாம். டிக்டிக்கின் மீசை தானாகவே ஒருமுறை துடித்தது.

சனிக்கிழமை அந்தி. உஷ்ஷக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். டிக்டிக் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஒரு பொத்தானைத் தொட்டார். வண்டியின் முன்விளக்குகள் மெதுவாக எரிந்து மெதுவாக அணைந்தன.

உஷ்ஷக்கா உள்ளே வந்தாள். "என்னங்க, வண்டி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச்சு."

"வண்டியா? உன்னைப் பார்த்தா?" டிக்டிக் முகத்தை நீளமாக்கிக்கொண்டார். "நானும் கவனிச்சேன். சொன்னா பயப்படுவியேன்னு சொல்லல. அதுல ஏதோ இருக்கும்மா."

"ஏதோன்னா?"

"ஆவி."

"பெட்ரோல்தானேங்க ஆவியாகும்? இதுல எப்படி?"

டிக்டிக் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இது... அந்த ஆவி இல்ல. செத்துப்போனா வருமே, அந்த ஆவி."

"ஓ" என்றாள் உஷ்ஷக்கா. துணிகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வண்டியின் கண்ணாடிகள் நான்கும் தாமாக இறங்கின. ஹாரன் ஒருமுறை விக்கியது. உஷ்ஷக்கா ஒவ்வொரு முறையும் ஓடிவந்து சொன்னாள். டிக்டிக்கும் ஒவ்வொரு முறையும் "ஐயையோ" என்றார். அப்படி ஒரு சுகமான "ஐயையோ" அவர் வாயில் வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியை வைத்துவிட்டு உஷ்ஷக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அது என்கிட்ட பேசிச்சுங்க."

டிக்டிக்கின் கை நின்றது. பேசுவதற்கு அவர் ஃபோனில் பொத்தானே இல்லை. "எ... என்னன்னு?"

"ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குது. எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுமாம்."

"என்ன கேள்வி?"

"அதை உங்ககிட்டதான் கேக்குமாம்."

டிக்டிக் உடனே தன் ஃபோனை அணைத்துப் போட்டுவிட்டார். ஆனால் மதியம் விளக்குகள் சிமிட்டின. தெருவில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கண்ணாடி மட்டும் இறங்கியது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. யாரோ உள்ளே உட்கார்ந்து எட்டிப் பார்ப்பதற்காக இறக்கியது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஏறிக்கொண்டது. டிக்டிக் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். அது அணைந்துதான் கிடந்தது.

சாயங்காலம் வானம் இருண்டு தூறல் போட்டது. டிக்டிக் குட்டித் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தார். எது எழுப்பியது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வீட்டில் சத்தமே இல்லை. சுவரில் இருந்த அத்தனை கடிகாரங்களும் நின்றிருந்தன. பெண்டுலங்கள் நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் அசையாமல் தொங்கின.

"ஏம்மா... எங்க இருக்க?"

வாசல் கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியே, தூறலுக்கு நடுவே, மெல்லிய ஒரு சத்தம் மட்டும் வந்தது.

டிக். டிக். டிக்.

வண்டிக்குள்ளிருந்து!

அவர் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். நின்றுபோன கடிகாரம் துடித்தால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத கை அவருடையது. ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். பின்பக்கத்திலிருந்துதான் வந்தது சத்தம். திரும்பிப் பார்க்கப் போனார். டக்! கதவுகள் பூட்டிக்கொண்டன.

பட்டென்று குளிர்க்காற்று காலில் பட்டது. பிறகு நின்றுவிட்டது. நனைந்த சட்டையோடு அவர் மூச்சிரைத்தார். அந்த மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கமாக மெல்ல மெல்லப் பனிமூடியது. அந்தப் பனியில், எழுதும் விரல் எதுவும் இல்லாமலேயே, ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது.

ராணி எங்கே?

டிக்டிக்கின் தலைமுடி பெரிய முள் சின்ன முள் என்று பிரிந்து நின்றது. வெளியே வைப்பர் தானாக எழுந்தது. ஒருமுறை வந்தது, போனது. யாரோ "வா, வா" என்று கையசைப்பதைப் போல.

"சொல்லிடறேன்! சொல்லிடறேன்!" என்று டிக்டிக் கண்ணை மூடிக்கொண்டு அலறினார். "ராணி தொலைஞ்சுபோச்சு! போல்ட்டை வெச்சுதான் ஆடறோம்! பஞ்சர் அண்ணன் கொட்டகையில! பெட்ரோல் போடறேன்னு சொன்னதெல்லாம் பொய்! பாதி நாள் டேங்க் நிரம்பித்தான் இருந்துச்சு!"

பூட்டு திறந்தது. கதவும் திறந்தது. குடையோடு உஷ்ஷக்கா நின்றிருந்தாள்.

"உஷ்" என்றாள். "தெருவே கேக்குது."

அவள் கையில் ஃபோன். அதில் வரிசையாகச் செய்திகள்: விளக்கு போட்டது கணவர். கண்ணாடி இறக்கியது கணவர். ஹாரன் அடித்தது கணவர்.

"ஒருத்தர் ஃபோன்ல தொட்டா இன்னொருத்தர் ஃபோனுக்குச் செய்தி வரும்னு ஷோரூம்காரர் சொன்னாரே. நீங்கதான் நாடி பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப பகல்ல கண்ணாடி இறங்கினது?"

"நான்தான்."

"பேசினது?"

"அது எங்க பேசிச்சு? நான்தான் உங்ககிட்ட பேசினேன்."

"எழுத்து?"

"காலையில விரலால எழுதினேன். பனி மூடினா தெரியும். நூலகத்து ஜன்னல்ல பிள்ளைங்க தினமும் பண்ற வேலைதான். நீங்க தூங்கறப்ப கடிகாரங்களை நிறுத்தினதும் நான்தான்." பின்கதவைத் தூக்கினாள். அங்கே அவருடைய சொந்த மேசைக் கடிகாரம் போர்வைக்குள் டிக் டிக் என்று சிரித்துக்கொண்டிருந்தது.

"செஸ் விஷயம் எப்படி...?"

"பஞ்சர் அண்ணன் செஸ் புத்தகம் எடுக்க யார்கிட்ட வருவார்னு நெனச்சீங்க?"

டிக்டிக் இறங்கினார். "எல்லாம் சரி. அந்த வைப்பர்? என்னைக் கூப்பிட்டுச்சே!"

உஷ்ஷக்காவின் முகம் மாறியது. ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வைப்பருக்குப் பொத்தானே இல்லையேங்க" என்றாள் மெதுவாக.

திங்கட்கிழமை மின்சார வண்டிதான் முடிவாயிற்று. வாதாட டிக்டிக்கிடம் வாக்கியமே இல்லை. ஆனால் பங்கில் சார்ஜ் போடும் இடமும் உண்டு என்று உஷ்ஷக்காவே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாராளமாகப் போகலாம், தனியாக, என்றாள்.

தனியாக அந்த வண்டியில் ஏற டிக்டிக்குக்குத் துணிவில்லை. "நீயும் வாயேம்மா" என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் கெஞ்சுகிறார். அவள் தன் கைப்பையில் புது ராணியோடு வருகிறாள். பஞ்சர் அண்ணனை அவள் வரிசையாகத் தோற்கடிக்கிறாள். டிக்டிக் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, சார்ஜ் ஏறுவதையும் வைப்பரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடியில் தூறல் பட்டால் வைப்பர் தானாகவே ஆடும் என்பதையும் ஷோரூம்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தார். முன்மூடியில் காது வைக்காத ஆளிடம்.